பணியாரம் ஆறும் முன்னே: ஸ்டாரும் ஸ்டேட்டஸும் போடாமல் இருக்கப் பழகுவது எப்படி?

வெள்ளைப் பணியாரத்தை எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில் சாப்பிட வேண்டும். அப்போது ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருக்கும். கொஞ்சம் ஆறினால் ஓரம் தொய்ந்துவிடும். இரண்டு வருடத்துக்கு முந்தைய பொங்கலன்று, செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் அப்பத்தா வீட்டு அடுப்படியில் நாங்கள் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அப்பத்தா ஒவ்வொன்றாக ஊற்றி எடுத்துத் தட்டில் போடப் போட, யாரும் வாயில் வைக்கவில்லை. ஒருத்தி வீடியோ எடுத்தாள். ஒருவன் வெளிச்சம் போதவில்லை என்று தட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். நான் துவையல் கிண்ணத்தை எந்தப் பக்கம் அழகு என்று திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன். அப்பத்தா அடுப்பை அணைத்தார். "நீங்க படம் புடிச்சு முடிச்சதும் சொல்லுங்கத்தா, அப்பறமா ஊத்துறேன்" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்கு எழுந்து போய்விட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து நான் ஒவ்வொன்றாக விட்டவற்றையும், விடக்கூடாது என்று வைத்துக்கொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். இதைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கானாடுகாத்தான் பக்கம், பழைய வீடு ஒன்றை விடுதியாக மாற்றிய இடத்தில் நான்கு வருடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தேன். ஒரு நாளைக்கு மூன்று ரிவியூ வாங்க வேண்டும், அதில் ஒன்றிலாவது என் பெயர் வர வேண்டும் என்பது எனக்குக் கொடுத்த இலக்கு. பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவரிடம், "ஒரே நிமிஷம் மேடம்" என்று கியூ.ஆர். அட்டையை நீட்டியிருக்கிறேன். முதல் நாள் மாலை அவர்கள் வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் உட்கார்ந்து, முற்றத்தில் மழை விழுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். அந்த மாலைக்கும் சேர்த்துத்தான் நான் ஸ்டார் கேட்டேன். அது சரியில்லை என்று அப்போதே தோன்றியது. இலக்கு இருந்ததால் கேட்டேன்.

கேட்பது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"பத்துக்கு எத்தனை கொடுப்பீங்க?" என்று வங்கியிலும் வண்டி சர்வீஸ் சென்டரிலும் கேட்கிறார்களே, அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 2003-ல் ஃபிரெட் ரெய்க்ஹெல்ட் என்ற அமெரிக்க ஆலோசகர் அறிமுகப்படுத்திய முறை அது. 9, 10 போட்டவர்கள் ஆதரவாளர்கள். 7, 8 போட்டவர்கள் எந்தப் பக்கமும் சேராதவர்கள். 0 முதல் 6 வரை போட்ட எல்லாரும் குறை சொல்பவர்கள். ஆதரவாளர் விழுக்காட்டிலிருந்து குறை சொல்பவர் விழுக்காட்டைக் கழித்தால் கிடைப்பதுதான் அந்த நிறுவனத்தின் மதிப்பெண். நம் ஊரில் நூற்றுக்கு அறுபது வாங்கினால் முதல் வகுப்பு. அந்தக் கணக்கிலோ பத்துக்கு ஆறு போட்டவர் எதிராளி. ஒரு பெரியவர், "எல்லாம் பிரமாதம், மனுஷன்னா கொஞ்சம் குறை இருக்கணும்ல" என்று சிரித்துக்கொண்டே எட்டு போட்டுவிட்டுப் போனார். அன்று மாலை நான் மேலாளரிடம் பேச்சு வாங்கினேன். ஆகையால் "பத்து போட்டுடுங்க" என்று கெஞ்சும் பையன் மேல் எரிச்சல் படாதீர்கள். அவனுக்கு மேலே ஒருவர் நிற்கிறார்.

யாரும் கேட்காமலே நாம் எழுதுவதற்கும் ஒரு தூண்டில் உண்டு. கூகுள் மேப்ஸில் லோக்கல் கைட் என்ற திட்டத்தில் சேர்ந்தால் ஒரு ரிவியூவுக்கு 10 புள்ளி. 200 எழுத்தைத் தாண்டி எழுதினால் மேலும் 10. படத்துக்கு 5, வீடியோவுக்கு 7, வெறும் ஸ்டாருக்கு 1. நான்காம் நிலையிலிருந்து பெயருக்குப் பக்கத்தில் சின்னம் வரும். பத்தாம் நிலைக்கு 1,00,000 புள்ளி வேண்டும். நான் ஆறாம் நிலை வரை போனேன். காரைக்குடியில் நான் நின்ற பேருந்து நிறுத்தம், செருப்பு தைத்த கடை, பிள்ளையார்பட்டிக் கோயில் என எல்லாவற்றுக்கும் ஸ்டார் போட்டிருக்கிறேன். கோயிலுக்கு நான்கா ஐந்தா என்று யோசித்துக்கூடப் பார்த்தேன். குடைவரைக்குள் கற்பக விநாயகர் முன்னால் நின்று வந்த கையோடு அந்த யோசனை எனக்கு வந்தது என்பதை இன்று நினைத்தால் மனம் வலிக்கிறது.

முதலில் போனின் கேள்விகளை நிறுத்துங்கள்

என் அப்பா மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்து இறந்தார். மறுநாள் வீடு நிறையக் கூட்டம். யாருக்கோ போன் போட எடுத்தேன். திரையில் அந்த மருத்துவமனையின் பெயரும், உங்கள் அனுபவம் எப்படி இருந்தது என்ற கேள்வியும், கீழே ஐந்து வெற்று ஸ்டார்களும் நின்றன. யாரும் மனம் நோகச் செய்ததில்லை அது. நான் எங்கே இருந்தேன் என்று போனுக்குத் தெரியும், அதனால் கேட்டது. ஆனால் அந்தக் கேள்வி யார் வீட்டுக்கும் அந்த நாளில் வரக்கூடாது. அதனால் இந்த வேலையை இன்றே செய்துவிடுங்கள், பத்து நிமிடம்தான் ஆகும்.

கூகுள் மேப்ஸைத் திறந்து மேலே மூலையில் உங்கள் படத்தைத் தொட்டால் செட்டிங்ஸ் வரும். அதற்குள் நோட்டிஃபிகேஷன் பகுதியில் ரிவியூ எழுதச் சொல்பவை, படம் போடச் சொல்பவை எல்லாவற்றையும் அணையுங்கள். போன் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு இருப்பிட அனுமதியை "பயன்படுத்தும்போது மட்டும்" என்று மாற்றுங்கள். நாம் போன இடங்களைக் குறித்து வைக்கும் டைம்லைனையும் மேப்ஸிலேயே நிறுத்தலாம். ஐபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் ஆப் ஸ்டோர் பகுதிக்குப் போய், ஆப்புகளுக்குள் ரேட்டிங் கேட்கும் பொத்தானை அணைத்துவிடலாம். இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி 2021 மே மாதத்திலிருந்து எல்லாருக்கும் இருக்கிறது. நம் பதிவிலும் மறைக்கலாம், மற்றவர் பதிவில் நம் கண்ணுக்குத் தெரியாமலும் செய்யலாம். வாட்ஸ்அப் குழுக்களுக்கு "எப்போதும்" என்று மியூட் போடுங்கள். தனி ஒருவரின் ஸ்டேட்டஸையும் மியூட் செய்யலாம், அவருக்குத் தகவல் போகாது.

அப்புறம் ஒரு வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: எதைப் பகிர்ந்தேன், எதற்கு ஸ்டார் போட்டேன், யாருக்காக. நான் எழுதிய வாரத்தில் முப்பத்தொன்று வந்தது. அதில் இரண்டுதான் யாருக்காவது பயன்பட்டது. ஒன்று, தேவகோட்டைக்குப் போகும் அத்தைக்கு அனுப்பிய பேருந்து நேரம். இன்னொன்று, இரவில் பஞ்சர் ஒட்டிக் கொடுத்த கடையைப் பற்றி எழுதியது. மற்ற இருபத்தொன்பதுக்கும், யாருக்காக என்ற கட்டத்தில் எதையும் எழுத வரவில்லை.

முதல் ஈடு வாய்க்கு

எங்கள் வீட்டில் இப்போதுள்ள ஒழுங்கு இதுதான்: எந்தப் பலகாரமானாலும் முதல் ஈடு சாப்பிடுவதற்கு. படம் வேண்டுமென்றால் இரண்டாம் ஈட்டில் எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் இரண்டாம் ஈடு வருவதற்குள் கை எண்ணெயாகிவிடும், படம் எடுக்கும் நினைப்பே போய்விடும். அடுப்படி வாசலில் ஒரு பனையோலைக் கொட்டான் வைத்திருக்கிறோம், விசேஷத்துக்குப் பாக்கும் பழமும் வைத்துக் கொடுக்கிறோமே, அதில் கொஞ்சம் பெரியது. சாப்பிட வருகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டு வர வேண்டும். சித்தப்பாவுக்கு மட்டும் விலக்கு. அவர் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறார், அழைப்பு வந்தால் ஓட வேண்டும். கட்டாயம் என்று யாரையும் பிடுங்கவில்லை. கொட்டான் அங்கே இருக்கிறது என்பதே பாதிப் பேருக்குப் போதுமாக இருக்கிறது.

படமே எடுக்கக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். விடுதியில் இருந்தபோது கவனித்தது ஒன்று உண்டு. வீட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் முகப்பு, பட்டாசாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று வரிசையாக இருநூறு படம் எடுப்பார்கள். இரவுச் சாப்பாட்டில், "தூண் என்ன மரம், பர்மா தேக்கா?" என்று கேட்டால், தூணைப் பார்த்த நினைவே இருக்காது. அமெரிக்காவில் லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் ஓர் அருங்காட்சியகத்தில் இதைச் சோதித்து 2014-ல் வெளியிட்டார். முழுப் பொருளையும் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட அந்தப் பொருளைப் பற்றிய நினைவு குறைவாக இருந்தது. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுத்தவர்களுக்கு அந்தக் குறைவு இல்லை. அதைப் படித்ததிலிருந்து நான் ஒரு இடத்துக்கு ஒரு படம் என்று வைத்துக்கொண்டேன், அதுவும் ஒரு சிறு பகுதியை மட்டும். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறைக்குப் போயிருந்தபோது, கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றும் அந்தக் கையை மட்டும் எடுத்தேன். கை லேசாகச் சுழன்று நீலம் பச்சைக்குள் வழியாமல் நிற்பது இன்றும் கண்ணில் இருக்கிறது. தளத்துக்கு அந்த வழவழப்பு கண்ணாடியிலிருந்துதான் வருகிறது என்பதை, போனைப் பையில் போட்டபின் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பூட்டியிருக்கிற பெரிய வீடுகள் வருடத்தில் சில நாள் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறக்கும். கதவு திறந்திருக்கிறது என்று உள்ளே நுழைந்து படம் எடுக்காதீர்கள். அங்கே ஒரு குடும்பம் தன் முன்னோருக்குப் படைத்துக்கொண்டிருக்கும்.

கேட்பவரிடம் சொல்ல வேண்டியது

ரிவியூ போடச் சொல்லும் ஊழியரிடம் நான் இப்போது சொல்வது: "ஆன்லைன்ல நான் எழுதுறதில்லங்க. சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு. சமைச்சவங்களக் கூப்பிடுங்க, நேர்ல சொல்லிட்டுப் போறேன்." இதற்கு யாரும் முகம் சுளித்ததில்லை. விடுதியில் எனக்கே இப்படி நடந்திருக்கிறது. வயதான தம்பதி ஒருவர் கியூ.ஆர். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சமையற்கட்டுக்குள் போய் எங்கள் சமையல்காரம்மாவிடம், "உங்க கோழிக் குழம்புல மிளகு வாசம் எங்க அம்மா வச்ச மாதிரி இருந்துச்சும்மா" என்றார்கள். அந்தம்மா அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு வருடத்தில் வந்த ரிவியூக்களில் ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை, அவருக்கு வாசிக்கத் தெரியாது. நல்ல வார்த்தை போய்ச் சேர வேண்டிய ஆளுக்கு ஸ்டார் போய்ச் சேராமலே இருந்திருக்கிறது.

வண்டி ஓட்டுபவர், சாப்பாடு கொண்டுவரும் பையன் விஷயம் வேறு. அங்கே ஸ்டார் அவர்கள் வயிற்றோடு சம்பந்தப்பட்டது. நமக்கு நான்கு என்றால் "நல்லா இருந்துச்சு". அந்த ஆப்பின் கணக்கில் சராசரியை இறக்கும் எண் அது. பெரிய குறை இல்லையென்றால் ஐந்தைத் தொட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். அதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சொந்தக்காரர்கள்

எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது இதுதான். கம்பெனிக்காரனிடம் மாட்டேன் என்று சொல்லலாம். பெரிய அத்தையிடம் எப்படிச் சொல்வது? எங்கள் குடும்பக் குழுவில் எண்பத்து நான்கு பேர். அத்தை பேரனின் காதுகுத்துப் படங்களை அவர் போட்டபோது நான் ஒன்றும் எழுதவில்லை. நான்காம் நாள் அம்மாவிடம், "ஒம் மகளுக்கு எங்க வீட்டு விசேஷம் கண்ணுக்குத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டார்.

யோசித்துப் பார்த்தேன். எங்கள் பக்கம் மொய் என்பது மரியாதையான கணக்கு. பெயர், ஊர், தொகை என்று நோட்டில் எழுதி, அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு மறக்காமல் திருப்பிச் செய்கிறோம். அத்தை லைக்கையும் மொய்யாகத்தான் பார்க்கிறார். அவர் செய்தார், நான் திருப்பிச் செய்யவில்லை. அவர் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுமனை என்று ஒரு வீட்டில் மொய் எழுதும் நாள் எத்தனை வந்துவிடும்? எழுதி முடித்து நோட்டைப் பீரோவில் வைத்துவிடலாம். ஸ்டேட்டஸோ 24 மணி நேரத்தில் மறைந்து, மறுநாள் காலையில் புதிதாக வந்து நிற்கிறது. எண்பத்து நான்கு வீட்டு மொய்யை ஒருத்தி தினமும் எழுத முடியாது.

அதனால் மொய்யை வேறு விதமாகச் செய்தேன். அன்றே அத்தைக்குப் போன் செய்தேன். பிள்ளை அழுதானா, யார் மடியில் உட்கார வைத்தீர்கள், தோடு யார் எடுத்தது என்று கேட்டேன். இருபது நிமிடம் பேசினார். படத்தில் இல்லாத ஒரு விஷயத்தைச் சொன்னார்: தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்த பிள்ளை, ஆசாரி கம்பியை எடுத்ததும் மாமன் சட்டைப் பொத்தானைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டதாம். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு பேருக்குப் போன் செய்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். குழுவில் ஒரே ஒரு முறை, "நான் இங்கே அதிகம் பார்ப்பதில்லை. விசேஷம், உடம்பு சரியில்லை என்றால் எனக்குப் போன் செய்யுங்கள், கட்டாயம் வருவேன்" என்று எழுதினேன். நீங்களும் இதே போல முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஒதுங்கினால் கர்வம் என்று நினைப்பார்கள், அது அவர்கள் தப்பில்லை. சொன்னபடி போய் நிற்பதும் முக்கியம். சித்தி மகள் பிரசவத்துக்கு நான் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபின், என் மௌனத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

கல்யாண வீட்டில் இன்னொரு ஒழுங்கு: பொண்ணு மாப்பிள்ளை படத்தை அவர்கள் போடுவதற்கு முன்னால் நாம் போடக்கூடாது. குழந்தை படமென்றால் பெற்றவர்களைக் கேட்காமல் கூடவே கூடாது.

எழுதியே தீர வேண்டிய ரிவியூ

எல்லா ரிவியூவும் வீண் என்று நான் நினைக்கவில்லை. பஞ்சர் கடைக்காரருக்கு என் நாலு வரி உதவியது. கெட்டுப்போன சாப்பாடு, முன்பணம் வாங்கிக்கொண்டு அறை இல்லை என்றது போன்றவற்றை எழுதினால் அடுத்தவர் தப்பிப்பார். ஆனால் முதலில் அவர்களிடமே நேரில் சொல்லுங்கள். ஓர் இரவு பொறுங்கள். மறுநாளும் எழுதத் தோன்றினால் தேதி, வாங்கியது, கொடுத்த பணம், குறையைச் சொன்னபோது என்ன செய்தார்கள், இவ்வளவும் இருக்கட்டும். ஊழியர் பெயரைக் குறையோடு சேர்க்காதீர்கள், மேஜையில் நிற்பவர் வேலை போகும். பணம் நஷ்டமென்றால் ஒரு ஸ்டார் போட்டு அது திரும்பாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். காசு கொடுத்து எழுத வைக்கும் ரிவியூக்களுக்கு எதிராக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000:2022 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. ஆகையால் "ஐந்து ஸ்டார் போட்டால் தள்ளுபடி" என்று கேட்கும் கடையில் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

அப்பா போனபின் நான் விடுதி வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு பலகாரத் தொழிலில் இருக்கிறேன். கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, மனகோலம் செய்து கொடுக்கிறோம். டப்பாவில் ஸ்டார் கேட்கும் அட்டை வைப்பதில்லை. ஒரு வாரம் கழித்து நானே போன் செய்து கேட்பேன். கோட்டையூர் ஆச்சி ஒருவர், "மனகோலத்துல தேங்காப் பல்லு நாலா நாளே காறுதும்மா, நெய்யில இன்னும் சிவக்க வறு" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் வறுக்கிறோம், காறுவதில்லை. ஐந்து ஸ்டார் போட்டிருந்தால் எனக்கு அது தெரிந்திருக்காது.

கடைசியாக, அந்த வெள்ளைப் பணியாரத்தின் அளவையும் சொல்லிவிடுகிறேன். பச்சரிசியை ஒரு டம்ளரில் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவியுங்கள். நிற்கிற அளவுதான் உளுந்து. இரண்டு மணி நேரம் சேர்த்து ஊறவைத்து வெண்ணெய் போல அரைத்து, உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, கொஞ்சம் பால் விட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் குழிக்கரண்டியால் ஒவ்வொன்றாக ஊற்ற வேண்டும். மேலெழுந்து உப்பியதும் திருப்பிப் போட்டு, சிவக்கவிடாமல் எடுத்துவிடுங்கள். வரமிளகாய்த் துவையலை முன்னாலேயே அரைத்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். இந்தப் பொங்கலுக்கு அப்பத்தா முப்பத்தெட்டு ஊற்றினார். ஒன்றுகூட மிஞ்சவில்லை, படமும் இல்லை.